சின்னச் செடி, பெரிய பூ, ஈப்போவின் இரவு

பேராக் மாநிலத்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு,



ஈப்போவின் தாமான்களிலும் அடுக்குமாடிகளிலும் குடியிருந்துகொண்டு, பால்கனிக் கம்பியையும் வாசல் தாழ்வாரத்தையும் மட்டுமே தோட்டமாக வைத்திருக்கும் உங்களை எண்ணி இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலருடைய பெற்றோர் சுங்கை சிப்புட்டிலும் கம்பாரிலும் சித்தியவானிலும் தெலுக் இந்தான் பக்கத்திலும் பால் மரம் சீவியவர்கள். லயத்து வீடு சிறியதுதான். ஆனால் அதன் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. முருங்கைக்கும் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் மல்லிகைப் பந்தலுக்கும் அதில் இடம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது செங்கல் சுவரும் குழாய்த் தண்ணீரும் கிடைத்தன, கொல்லை போயிற்று. மண்ணே இல்லாத நான்கடி இடத்தில் என்ன வளர்ப்பது என்ற கேள்விக்கு ஆர்க்கிட் நல்ல விடை. எந்த ஆர்க்கிட் என்பதில்தான் பணமும் ஆசையும் வீணாகின்றன. என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடம் குறைந்த வீட்டுக்கு, செடி சிறியதாகவும் பூ அந்தச் செடியின் அளவுக்கு மிகப் பெரியதாகவும் உள்ள குட்டி ஆர்க்கிட்டுகளே ஏற்றவை. அவற்றைத் தேர்ந்தெடுக்கும்போது, பூவின் அழகில் மயங்குவதற்கு முன்னால் அந்தச் செடியின் சொந்த ஊரில் இரவு எவ்வளவு சூடு என்று கேட்க வேண்டும்.

பூவின் அகலத்தைத் தனியாக அளப்பதால் பயனில்லை. செடியின் உயரத்தோடு வைத்து அளக்க வேண்டும். கோயில் மாலைகளிலும் கல்யாண மேடைகளிலும் நாம் பார்க்கும் சோனியா என்ற ஊதா டெண்ட்ரோபியத்தின் பூ ஆறேழு சென்டிமீட்டர் அகலம். அதைத் தாங்கும் தண்டு அரை மீட்டருக்கும் மேல். பூ, செடியில் பத்தில் ஒரு பங்குதான். பேரங்காடிகளில் விற்கும் பெரிய வெள்ளை ஃபலனாப்சிஸ் பத்து சென்டிமீட்டர் பூ வைக்கிறது. பூந்தண்டோடு சேர்த்தால் அதற்கு அறுபது, எழுபது சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பிரேசிலின் கேட்லியா வாக்கெரியானாவோ பதினைந்து சென்டிமீட்டர் செடியில் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் அகலப் பூவைத் தருகிறது. பூ செடியில் பாதிக்கு மேல்! இப்படி அளந்தால், ஒரு சோனியாத் தொட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தில் நான்கைந்து குட்டிச் செடிகளைத் தொங்கவிடலாம் என்பதும், அவை வேறு வேறு மாதங்களில் பூத்தால் பால்கனி வெறுமையாகவே இராது என்பதும் தெரியவரும். அடுக்குமாடிப் பால்கனியில் செடியைக் கை எட்டும் தூரத்தில் நின்றுதான் பார்க்கிறோம். தூரத்திலிருந்து கொத்தாகத் தெரிய வேண்டிய பூவுக்கு அங்கே வேலையில்லை.

இவ்வளவு சின்னச் செடிக்கு இவ்வளவு பெரிய பூ எதற்கு? பூவின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதை நாடி வரும் உயிர்தான். ஒரு தேனீ உட்காரவோ, ஒரு தேன்சிட்டு அலகை நீட்டவோ எவ்வளவு இடம் வேண்டுமோ அந்த அளவுக்குக் கீழே பூ சுருங்க முடியாது. செடி சுருங்கலாம். மெல்லிய கிளையிலும் பாசி படிந்த குச்சியிலும் பாறை வெடிப்பிலும் ஒட்டிப் பிழைக்கும் ஆர்க்கிட்டுக்கு வேர் ஊன்ற மண் கிடையாது, நீரும் சத்தும் மழை கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த வறுமையில் இலையும் தண்டும் சிறுத்துப்போயின. பூ மட்டும் வண்டுக்கும் பறவைக்கும் தெரியும்படி பழைய அளவிலேயே நின்றுவிட்டது. மண்ணில்லாத இடத்துக்கென்றே உருவான உடல் இது. நம் பால்கனியும் மண்ணில்லாத இடம்தான். அதனால்தான் இந்தப் பொருத்தத்தை நான் வெறும் அலங்கார விஷயமாக எண்ணவில்லை.

இங்கேதான் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பூவின் அளவுக்குப் பேர்போன குட்டி ஆர்க்கிட்டுகளில் பல மலைநாட்டுச் செடிகள். சோஃப்ரோனிட்டிஸ் என்று பழைய பெயரில் இன்னும் விற்கப்படும் செக்கச்சிவந்த கேட்லியா காக்சினியா, பிரேசிலின் கடலோர மலைத்தொடரில் மேகம் தவழும் காடுகளில் வாழ்வது. டெண்ட்ரோபியம் கத்பர்ட்சோனி நியூகினியில் பெரும்பாலும் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் வளர்வது. விரல் நீளச் செடியில் அதைவிடச் சற்றே சிறிய பூ வைத்து, மாதக்கணக்கில் வாடாமல் வைத்திருப்பது. மஸ்டிவேலியாக்கள் ஆண்டிஸ் மலைக் குளிரில் பழகியவை. படங்களில் பார்த்தால் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் ஈப்போ கடல் மட்டத்திலிருந்து ஐம்பது மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. பகலில் 33, 34 பாகை. இரவில் 23, 24-க்குக் கீழே அரிதாகவே இறங்குகிறது. செடி பகலில் வெளிச்சத்தால் சர்க்கரை சேர்க்கிறது, இரவில் மூச்சுவிட்டு அதைச் செலவழிக்கிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் அந்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காகும். பன்னிரண்டு பாகை இரவுக்குப் பழகிய செடியை இங்கே கொண்டுவந்தால், சம்பளம் உயராமல் வாடகை மட்டும் இரட்டிப்பான குடும்பத்தின் கதைதான். சில மாதங்கள் சேமிப்பில் ஓடும். பிறகு இலை மஞ்சளாகும், வேர் கறுக்கும். தண்ணீர் கூடிவிட்டதோ உரம் போதவில்லையோ என்று நாம் நம்மையே நொந்துகொள்வோம். குற்றம் நம் கையில் இல்லை, தேர்வில் இருக்கிறது.

கேமரன் மலைக்குப் போய்விட்டுச் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கும்போது காரின் பின் இருக்கையில் ஒரு பூச்செடி இல்லாமல் வருபவர்கள் குறைவு. தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தழைத்து நிற்கும் செடி இரண்டு மணி நேரப் பயணத்தில் எட்டொன்பது பாகை வெப்பத்தைக் கூடுதலாகச் சந்திக்கிறது. விற்பவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஊரில் அது நன்றாகத்தான் வளர்கிறது. பேரங்காடி ஃபலனாப்சிஸிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்தக் கலப்பினங்கள் ஈப்போவில் சாவதில்லை, இலை விட்டுக் கொழுத்து நிற்கும். ஆனால் வெப்பம் சில வாரங்களுக்கு 26 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் அவை பூந்தண்டு விடும். வாங்கியபோது இருந்த பூ உதிர்ந்த பிறகு ஆண்டுக்கணக்கில் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் காரணம் இதுதான்.

குளிர் செடியின் மீது எவ்வளவு ஆளுமை கொண்டது என்பதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டாம். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் தானாக வளரும் புறா ஆர்க்கிட், அதாவது டெண்ட்ரோபியம் குரூமெனாட்டம், மொட்டுகளைக் குறிப்பிட்ட வளர்ச்சி வரை கொண்டுபோய் நிறுத்திவிடும். திடீர் மழை காற்றைக் குளிர்வித்த ஒன்பது நாள் கழித்து, அந்த வட்டாரம் முழுவதும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்து மாலைக்குள் வாடும்.  நம் சமவெளிச் செடிக்கு ஒரு மழையின் குளிர்ச்சி போதும். மலைச்செடி ஒவ்வோர் இரவும் அதைக் கேட்கும். நம்மால் கொடுக்க முடியாது.

அப்படியானால் எது பிழைக்கும்? வாக்கெரியானாவை முதலில் சொன்னேன். அதன் சொந்த ஊர் நடு பிரேசிலின் உள்நாட்டுப் பகுதி. நல்ல வெயிலும் நீண்ட வறட்சியும் பார்த்த செடி. தாய்லாந்தின் வெப்பச் சமவெளியிலும் இதை ஆசையாக வளர்க்கிறார்கள். ஈப்போவில் இதற்கு எதிரி வெயிலன்று, மழை. நம் ஊரில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும்; அதில் பெரும்பகுதி பிற்பகல் இடியோடு கொட்டுவது. மாலையில் நனைந்த செடி விடியும்வரை ஈரத்தில் நிற்கும், குருத்து அழுகும். ஆகவே கூரைக்குக் கீழே, காலை வெயில் படும் கிழக்குப் பக்கம், மரக்கட்டையில் கட்டித் தொங்கவிடுவதே இதற்குப் பொருந்தும். புதுக் குமிழ் (பருத்த தண்டு) முதிர்ந்த பிறகு தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஓய்வைக் கொடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பேன்.

முதல் செடி வாங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது டொலும்னியா. கியூபா, ஜமைக்கா, ஹிஸ்பானியோலா போன்ற கரீபியத் தீவுகளில் புதர்க் குச்சிகளில் ஒட்டி வாழ்வது. விசிறிபோல் விரிந்த இலைக்கொத்து விரல் நீளம்தான், பூ இரண்டு மூன்று சென்டிமீட்டர். பூந்தண்டு மட்டும் ஒரு சாண் நீளும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மஞ்சள், செம்பழுப்பு, இளஞ்சிவப்பு, புள்ளி, கரை என்று இன்று கிடைக்கும் நிறங்களுக்கு ஹவாயில் வாழ்ந்த குடேல் மோயரின் பல்லாண்டுக் கலப்பின உழைப்பு பெரிய அடித்தளம். வெப்பமும் காற்றில் ஈரமும் இதற்குப் பிடிக்கும்; வேர் நனைந்த சற்று நேரத்தில் காய்ந்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. அதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல பொருள் உண்டு. மாத்தாங் சதுப்புநிலக் காட்டு மரத்தைக் கோலா செப்பெத்தாங் சூளைகளில் சுட்டு எடுத்த அடுப்புக்கரியை உடைத்துச் சிறு மண்தொட்டியில் போட்டால் போதும். தேங்காய் மட்டை ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைக்கும், டொலும்னியாவுக்கு வேண்டாம். பூத்து முடிந்த தண்டை உடனே வெட்டிவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்வரை அதே தண்டின் கணுவிலிருந்து மறுபடி கிளைத்துப் பூக்கும்.

வெளிச்சம் குறைந்த பால்கனிக்காரர்களுக்கு பாஃபியோபெடிலம் நிவியம். லங்காவித் தீவுகளிலும் தென் தாய்லாந்திலும் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில், கடல் மட்டத்தை ஒட்டிய உயரத்தில் பிறந்தது. நம் இரவு அதற்கு அயலூர் இரவன்று. கையகல இலைக்கொத்தின் நடுவே, மெல்லிய ஊதாப் புள்ளி தெளித்த வெள்ளைப் பூ ஐந்தாறு சென்டிமீட்டர் விரியும். பூ இல்லாத மாதங்களில் இலையின் சாம்பல்பச்சைக் கோலமே பார்க்கத் தகுந்தது. சுண்ணாம்புக் கல் பொடியோ நொறுக்கிய சிப்பியோ கொஞ்சம் கலந்தால் வேர் நன்றாகப் பிடிக்கும். இவை தவிர, இந்தத் தீபகற்பத்தில் இயல்பாக வளரும் ஃபலனாப்சிஸ் வயலேசியாவையும் சொல்ல வேண்டும். இலை அகலமானது என்பதால் குட்டி என்று சாதிக்க மாட்டேன். ஆனாலும் வெப்பத்திலேயே பூத்து, நறுமணம் வீசி, ஒரே குட்டைத் தண்டில் மாதம் மாதம் மொட்டு வைக்கும் குணத்தால் பேரங்காடி வெள்ளைப் பூவைவிட ஈப்போவுக்கு இதுவே தகுந்தது. ஜப்பானியர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தொட்டியில் போற்றிய நியோஃபினெட்டியா குளிர்காலம் கேட்கும். அதையே தென்கிழக்காசிய ரின்கோஸ்டைலிஸோடு சேர்த்து உண்டாக்கிய லூ ஸ்னியரி என்ற கலப்பினம் வெப்பத்தைத் தாங்கும், மணத்தையும் விடவில்லை. கலப்பினம் வாங்கும்போது சீட்டில் உள்ள பெற்றோர் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். சிவப்புக் குட்டிக் கேட்லியாக்கள் பலவற்றில் காக்சினியாவின் இரத்தம் ஓடுகிறது. அந்தப் பங்கு கூடக்கூட வெப்பத்தைத் தாங்கும் வலு குறையும்.

குட்டிச் செடி சீக்கிரம் காய்ந்து செத்துப்போகும், தினமும் காவல் இருக்க வேண்டும் என்று பலர் தயங்குவார்கள். வறண்ட காற்றுள்ள ஊர்களில் அது மெய். குளிரூட்டி ஓடும் அறைக்குள்ளும் மெய். ஆனால் ஈப்போவின் காற்றில் சராசரி ஈரப்பதம் எண்பது விழுக்காடு அளவில் நிற்கிறது; இங்கே ஆர்க்கிட்டுகள் காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதே அதிகம். சின்னத் தொட்டி விரைவில் காய்வது இந்த ஊரில் குறையன்று, காப்பு. பெரிய தொட்டியின் நடுவில் தேங்கும் ஈரம்தான் வேரைக் கொல்கிறது. காலையில் ஒருமுறை தண்ணீர் தெளித்தால் பெரும்பாலான நாள்களுக்குப் போதும், மழைநாளில் அதுவும் வேண்டாம். டெங்கி அச்சத்தால் பூந்தொட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்த வீடுகளுக்கும் இதே விடை. ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கிய தெளிந்த நீரில். கட்டையில் கட்டித் தொங்கும் செடிக்குத் தட்டே கிடையாது.

இன்னொரு மறுப்பு விலையைப் பற்றியது. பாசார் மாலாமில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு ஒரு டெண்ட்ரோபியம் கொத்துக் கொத்தாகப் பூத்துக் கிடைக்கும்போது, பூவே வைக்காத சின்னச் செடிக்கு அதைவிட அதிகம் கொடுப்பானேன்? இடம் உள்ளவர்கள் அந்த டெண்ட்ரோபியத்தையே வாங்கட்டும். உழைப்பாளிச் செடி அது, நம் வெயிலுக்கு ஏற்றது, நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். இடம் இல்லாதவர்களின் கணக்கு வேறு. கம்பியில் ஓரடி நீளத்துக்கு ஆண்டில் எத்தனை வாரம் பூ என்று பார்த்தால் குட்டிச் செடி முந்திவிடும். சாமிக்குப் பறிக்கவும் தலையில் வைக்கவும் உதவாத பூ எதற்கு என்று கேட்கும் அம்மாக்களின் கேள்வி இதைவிடக் கனமானது. சாமிக்கும் தலைக்கும் உரிய பூக்களின் இடத்தை ஆர்க்கிட் பிடிக்கக் கூடாது. மல்லிகைத் தொட்டி தரையில் இருக்கட்டும். குட்டி ஆர்க்கிட் கேட்பது தரையை அன்று, சுவரையும் கம்பியையும்தான்.

கடைசி மறுப்பு எனக்கு மிகவும் கவலை தருவது. காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும், காட்டில் கிடைக்கிறதே என்பது. ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் நமக்கு வெறும் காட்சியல்ல. தைப்பூசத்துக்குக் குனோங் சேரோவின் கல்லுமலைக் கோயிலில் கூடுகிறோம். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் பாறைப் பிளவுகளில் பச்சை தெரியும். அப்படிப்பட்ட பிளவுகளில் வேறெங்கும் இல்லாத செடிகள் வாழ்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கு 2018-இல் தேசிய நிலப்பூங்காவாக அறிவிக்கப்பட்டும், கல்லுக்காகவும் சிமெண்டுக்காகவும் குன்றுகள் உடைபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மிச்சமிருப்பதை நாமும் பிடுங்க வேண்டாம். அனுமதியின்றி வனக்காப்பகத்திலிருந்து செடி எடுப்பது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி குற்றம். பாஃபியோபெடிலங்கள் அனைத்தும் அழியும் உயிர்களின் வணிகத்துக்கான அனைத்துலக ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. காட்டிலிருந்து எடுத்ததை நாடு கடந்து விற்க முடியாது. சட்டத்தை விடுங்கள், வளர்ப்போரின் கண்ணோடு பார்த்தாலும் இது நட்டம். பாறையிலிருந்து பிய்த்த செடியின் வேர் பாதி பாறையிலேயே போய்விடும். பிடித்துக்கொள்வதும் அரிது. தாவரவியலாளர் லூயிஸ் நட்சன், பூஞ்சையின் துணையில்லாமலே சர்க்கரைக் கூழில் ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922-இல் காட்டிய நாள் முதல், ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் குப்பியில் எடுக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த அந்த நாற்று, காட்டுச் செடியைவிட நம் பால்கனிக்குப் பல மடங்கு பழகியது.

ரப்பர் தோட்டத்துக்கும் ஆர்க்கிட்டுக்கும் உள்ள உறவு நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் சீவல் முறையை வகுத்து, நம் முன்னோர் கையில் உளியும் மங்கும் ஏறக் காரணமான ஹென்றி ரிட்லிதான் 1893-இல் வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்க்கிட்டை உலகுக்கு அறிவித்தவர். ரப்பர் தோட்ட வேலையில் மலாயாவில் இருந்த செட்ரிக் எரோல் கார், இந்தத் தீபகற்பத்தின் மிகச் சிறிய ஆர்க்கிட்டுகள் பலவற்றுக்கு முதன்முதலில் விளக்கம் எழுதினார். ஃபலனாப்சிஸ் அப்பெண்டிக்குலாட்டா என்ற, உள்ளங்கைக்குள் அடங்கும் செடிக்கு 1929-இல் பெயரிட்டவர் அவர். தோட்டத்தில் துரைமாருக்குக் கிடைத்த அந்த ஓய்வும் நூலும் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. செடியைப் பெயர் சொல்லி அறியும் கல்வி இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளான உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

நாற்றங்காலுக்குப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன்னால், இந்தச் செடி எங்கே வளர்ந்தது, கேமரனிலா கீழேயா, விதையில் வந்ததா காட்டிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். நிவியத்தின் விதை நாற்று வேண்டும், டொலும்னியா வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் விற்பவர் தருவிப்பார். ஈப்போ கடைகளில் இன்று பேரங்காடி ஃபலனாப்சிஸும் சோனியாவும் மட்டுமே வரிசையாக நிற்கின்றன என்றால், நாம் இதுவரை வேறெதையும் கேட்கவில்லை என்பதே காரணம்.

அன்புடன்,
உங்களைப் போல் செடிமேல் ஆசை கொண்ட ஒருவர்